மழை மறைவுப் பிரதேசம்

எங்கள் ஊரில்
சொன்ன நாளில் கம்பளிக்குக் காசு தராத வியாபாரியை
'மழை' என்றுதான் திட்டுவார்கள்.

ஆந்தீஸ் மலைக்குக் கிழக்கே
படகோனியப் புல்வெளி.
முள்புதர், முந்நூற்றுச் சொச்சம் ஆடு,
ஒரு கிணறு.

மழை வராததற்கு அப்பா காரணங்கள் வைத்திருந்தார்.
முதல் காரணம்
சித்தப்பா கோயிலில் தூங்கியது.
மற்றதெல்லாம் அம்மா.
குறிப்பாக, ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைத்தது.
அதற்குப் பிறகு அம்மா
சனி இரவில் துவைத்தாள்,
விரல் விறைக்க.

உயர்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு,
புவியியல் புத்தகத்தில்
மலையைக் கேக் போல வெட்டிவைத்த படம்.
இடப்பக்கம் கடல்.
அம்புக்குறிகள் ஏறுகின்றன, குளிர்கின்றன,
சிலேயின் காடுகள் மேல் எல்லாவற்றையும் கொட்டுகின்றன.
வலப்பக்கம்
வெறுங்கையை வீசிக்கொண்டு
இறங்கி வருகிறது காற்று.
கீழே மஞ்சள் வண்ணம்.
மழை மறைவுப் பிரதேசம்.

மஞ்சளில் பேனாவால் எங்கள் வீட்டை வரைந்தேன்.
பக்கத்தில் அம்மாவின் துணிக்கொடி.

"இதைப் படித்தால் ஆட்டுக்கு ரோமம் கூடுமா, அய்லின்?"
"கூடாது அப்பா."
தேர்வில் பத்துக்கு ஆறு வாங்கினேன்.

அந்த ஜூனில் வானொலி சொன்னது:
சிலேயில் எரிமலை வெடித்துவிட்டது.
"அது அடுத்த நாடு" என்று
அப்பா மாத்தேயில் வெந்நீர் ஊற்றினார்.

எல்லைக்கோடு இருப்பது
அரசியல் வரைபடத்தில்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றொன்றை.
மழையைக் கொண்டுவராத அந்த அம்பு
வேறு எதைக் கொண்டுவரும் என்று சொல்ல
மேதை வேண்டாம்,
ஆறு மதிப்பெண் போதும்.

கிணற்றைத் தார்ப்பாயால் மூடிக் கல் வைத்தேன்.
தம்பி நசரேனோ சிரித்துக்கொண்டே உதவினான்.
கொட்டகையில் ஆடுகளை அடைத்தோம்;
அதில் கொள்வது நாற்பதுதான்.

மறுநாள் நண்பகலில் விளக்கேற்றினோம்.
கூரை மேல் சத்தமே இல்லாமல்
சாம்பல் இறங்கியது,
எங்கள் ஊர் கண்ட மிக நீண்ட மழை.

பதினோரு நாள்
எர்மிந்தா வீட்டாரும் எங்கள் கிணற்றில்தான் மொண்டார்கள்.
வெளியே நின்ற ஆடுகள்
முதுகில் சிமெண்டு மூட்டை சுமந்தவை போல
மண்டியிட்டன. எண்ணவில்லை.
அவற்றுக்கு என் புத்தகத்தில் படம் இல்லை.

நீ சொன்னது சரி என்று
அப்பா சொல்லவேயில்லை.
ஓரிரவு
சாம்பல் ஒட்டிய விரலோடு வந்து
"அந்தப் படத்தில் நாம் எங்கே?" என்றார்.
காட்டினேன்.
மலையின் உச்சியிலிருந்து மஞ்சள் வரை
கட்டைவிரலால் மெதுவாக இறங்கினார்.
ஓரிடத்தில் நின்றார்.
"இது என்ன கோடு?"
"அம்மாவின் துணிக்கொடி."

நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
நல்ல வெயிலில் அம்மா துணி துவைத்தாள்.
அப்பா வாளி தூக்கி வந்தார்.
கொடியில் போர்வை, சட்டை, என் பள்ளி அங்கி
அத்தனையும் படபடத்தன,
கிழக்கு நோக்கி.