ஒற்றைக் கோடு

இருநூற்றுப் பதினாலாம் அறைக்காரருக்கு
நினைவு தப்பி அன்றோடு ஆறு நாள்.
அவர் சார்ட்டில், இரவு இரண்டே காலுக்கு,
நான்தான் எழுதியிருக்கிறேன்.
நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு
எல்லாம் இங்கிலீஷில்.
நடுவே ஒரு வரி மட்டும் தமிழில்:
கண் எரிகிறது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டார்,
"விஜிலா, இது இவர் சொன்னதா?"
குழாய் போட்ட அந்த மூக்கை எல்லோரும் பார்த்தோம்.
பயிற்சிக்கு வந்த பெண் சிரிப்பை விழுங்கினாள்.

வார்டில் தப்பை அழிக்கக் கூடாது.
வெள்ளை மை கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு.
அடியில் இருப்பது வாசிக்கக் கிடைக்கணும்.
பக்கத்தில் கையெழுத்து, நேரம்.
அப்படியே வெட்டினேன்.
பதினேழு வருட நைட் டூட்டியில்
என்னைப் பற்றி நான் எழுதிய முதல் வரி.
வெட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
மழைக்கு ஒதுங்கி நிற்கையில் பைக்குள் கைவிட்டேன்.
மருந்துக் கம்பெனிக்காரர் தந்த டைரி,
ஆறு மாதமாக டிபன் பாத்திரத்துக்கு அடியில்
சாயாக் கறையோடு கிடந்தது.
பக்கந்தோறும் ஒரு நெஞ்செரிச்சல் மாத்திரையின் பேர்.
ஜனவரி ஒன்று என்று அச்சடித்த இடத்தில்
ஜூன் மழையை எழுதத் தொடங்கினேன்.

மழையைத் தாண்டி வரி போகவில்லை.
கைக்குத் தெரிந்ததையே எழுதிற்று கை.
உறக்கம்: நாலு மணி நேரம், இருமுறை விழிப்பு.
உள்ளே போனது: மரச்சீனிக் கிழங்கு, சாளைக் கறி, பாதி.
வெளியே வந்தது:
அந்தக் கட்டம் காலி.
மறுநாளும் காலி.
அப்புறம் ஐந்திலிருந்து பதினொன்று வரை
பக்கங்களே காலி.

பன்னிரண்டில்தான் அபிஷா வந்தாள்.
எட்டாம் கிளாஸ். காய்ச்சலென்று சுருண்டு கிடந்தவளிடம்
எத்தனை நாளாக, வாந்தி உண்டா என்று கேட்டேனாம்.
"எனக்க பேரைச் சொல்லிக் கேளுங்கம்மா" என்றாள்.
அதை எழுதினேன்.
அவளுக்குத் திமிர் என்று எழுதினேன்.
தோஹாவில் இருக்கிறவர் வீடியோவில்
கொள்ளாம், கொள்ளாம் என்பதற்கு மேல்
ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதினேன்.
அவர் கேட்டாலும் நான் கொள்ளாம் என்றுதான் சொல்வேன்
என்றும் எழுதினேன்.
பேனா நிமிர்ந்தபோது
கருங்கல் தாண்டி இரண்டு ஸ்டாப் போயிருந்தது பஸ்.
சாரலில் நடந்தே திரும்பினேன்.

மறுநாள் வாசித்தேன்.
திமிர் மேல் ஒற்றைக் கோடு. வி., காலை 8.10.
மற்றதை வெட்ட மனசு வரவில்லை.
இரண்டு தரம் வாசித்தும்
அவை சரியாகவே இருந்தன.

குணமாச்சா என்று கேட்டால், தெரியாது.
முதுகுவலி அதே இடத்தில்தான்.
விடியற்காலை மூன்று மணிக்கு
நெஞ்சில் ஒன்று புரண்டு படுப்பதும் நிற்கவில்லை.
முன்பு அது கட்டில் கிடைக்காமல்
வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்த நோயாளி,
யார் கணக்கிலும் வராதது.
இப்போது அதற்கு ஒரு கட்டில் எண் போட்டிருக்கிறேன்.
போய்ப் பார்க்கிறேன்.
சில ராத்திரி பார்க்காமலும் விடுகிறேன்.

ஷிப்ட் முடிந்தால் அடுத்து வருகிறவளிடம்
ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பணும்.
இன்று, நாளைக்கு எழும்பப் போகிற
எனக்கு எழுதி வைத்தேன்:

இருநூற்றுப் பதினாலு இடது கை விரலை அசைத்தார்.
அவர் சார்ட்டில் நுழைந்ததற்கு
காதருகே போய் மன்னிப்புக் கேட்டாயிற்று.
அபிஷாவுக்குக் காம்பஸ் பெட்டி.
கொடுக்கும்போது பேரைச் சொல்லிக் கூப்பிடணும்.
தோஹா கூப்பிட்டால்
கொள்ளாம் என்று சொல்லாமல் ஒரு தரம் இருந்து பார்க்கணும்.
கண் எரிகிறது. இது நான் சொன்னது.
குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.