முதல் சாம்பிள்

ஞாயிறு, பெத்தகான ஈரநிலம்.
நுழைவுச்சீட்டோடு ஆளுக்கொரு தாளும் பென்சிலும்.
"உங்கட வீட்டுக் கரைச்சல் ஒன்றை எழுதுங்கோ.
அதை ஏற்கெனவே தீர்த்தவர்
இங்கதான் எங்கேயோ இருக்கிறார்,
தேடிப் பிடியுங்கோ" என்றாள் சமோதி,
மூன்று மொழியிலும், மூச்சு வாங்காமல்.

கேதீஸ் எழுதினார்: தகரக் கூரை.
மிதுர்ஷா எழுதினாள்: மழையில் நனையும் புத்தகப் பை.
பதினாறு வயது அருண்யன்
தாளை நான்காய் மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தான்.
நான் 'வாய்க்கால்' என்று எழுதி அழித்தேன்.
கிருலப்பனையில் மே மாதம்
கட்டில் காலுக்கு வைத்த செங்கல்
இன்னும் அங்கேயே இருக்கிறது.

பலகைப் பாதையில் குனிந்து
தன் போத்தல் தண்ணீரைச் சேம்பிலையில் ஊற்றினாள் மிதுர்ஷா.
உருண்டது, ஓடியது, இலை நனையவில்லை.
தாமரை இலைத் தண்ணீர் போல
ஒட்டாமல் இரு, ஒட்டாமல் இரு என்று
எத்தனை பேர் எனக்குச் சொல்லியிருப்பார்கள்.
ஏன் ஒட்டவில்லை என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
அவள் பூதக்கண்ணாடி வழியே கேட்டாள்.
பை ஒன்று வரைந்தாள்,
அதன் தோலெல்லாம் குட்டிக் குட்டி மேடுகள்.

மேட்டு நிலத்தில் கறையான் புற்று.
கேதீஸ் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.
"இது மூச்சு விடுகுது.
எங்கட கூரைக்கு மூக்கே இல்லை, பார்."

நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில்
சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.
அருண்யன் முதல்முறையாக வாய் திறந்தான்:
"அதுக்கும் நனையிற கரைச்சல் தீரேல்லை."
சமோதிக்கு அன்றைய மகிழ்ச்சி அதுதான்.
"நனையிற சிறகாலதான் தம்பி, அது ஆழத்துக்குப் போகுது."
அவன் தாளை விரித்தான்.
என்ன எழுதினான் என்று
இன்றுவரை காட்டவில்லை.

என் தாள் மட்டும் வெறுமை.
வெளியே வரும்போது சேலைக் கரையெல்லாம் நாயுருவி.
ஒன்றைப் பிய்த்தேன்.
அந்தப் பிடியை என் விரல் அறியும்:
இரத்மலானை, ஏழாவது லைன், பதினொரு வருடம்,
மழைக்கோட்டு மணிக்கட்டில் வெல்க்ரோ.
ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் பஞ்சு,
மணிக்கு அறுபது சோடி.

சமோதி சொன்னாள், இதே செடி இல்லையாம்,
குளிர் தேசத்தில் வேறொரு முள்ளுக்காய்.
நாயோடு நடக்கப் போனவர் ஒருவர்
அதன் ரோமத்தில் பார்த்தாராம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பெயரில் நாய்
எப்போதோ வந்து நிற்கிறது,
ஒட்டியதை உதறிவிட்டு
நாங்கள்தான் நடந்துவிட்டோம்.

இரவு, செங்கல் ஏறிய கட்டிலில் நால்வரும்.
கூரையில் எங்கே துளையிடலாம் என்று
கேதீஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
மழை உள்ளே வராதா என்று கேட்டாள் மகள்.
"அதுக்குத்தான் உன்ர இலை."

திங்கட்கிழமை
மெஷின் லாச்சிக்குள், நூல்கண்டுகளுக்கு நடுவே
ஒரு நாயுருவி விதை.
பக்கத்து மெஷின் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்:
"என்னடி குப்பை?"
சூப்பர்வைசர் வருமுன் லாச்சியை மூடினேன்.
"குப்பை இல்லை.
எங்கட முதல் சாம்பிள்."