பற்று வரவு

ஆன்ட்வெர்ப் நகரச் சிறைக் கணக்கில்
பிப்ரவரிப் பக்கம் என் கையெழுத்து.

பீப்பாய் ஒன்று. ஓக் மரம், பழையது.
முன்பு ஹெர்ரிங் மீன் உப்பிட்டிருந்ததால்
ஒரு ஸ்டைவர் குறைத்துக்கொண்டான் மீன்காரன்.
கயிறு, நான்கு முழம்.
மெழுகுவர்த்தி இரண்டு, வேலை இரவில் நடந்ததால்.
தண்டனை நிறைவேற்றியவனுக்குக் கூலி,
ஒரு குவளை மது.
அவன் உதவியாளுக்கு மது இல்லை.
தண்ணீர் —
அதற்கு நேரே கோடு கிழித்தேன்.
ஷெல்ட் ஆறு நகரத்துக்குச் சொந்தம்.

அவள் பெயர் அலைட்.
ஆற்றோரப் புல்வெளியில் லினன் துணி விரித்து
மோர் தெளித்து வெயிலில் வெளுப்பவள்.

உனக்கு மறுமுழுக்குத் தந்தது யார்?
பெயர் கேட்கவில்லை ஐயா. படகுக் கொட்டகை, இருட்டு.
அவர் கை குளிர்ந்திருந்தது.
எத்தனை பேர் கூடினீர்கள்?
எண்ணவில்லை. எண்ணுகிறவர் அதோ, என்று
என்னைக் காட்டினாள்.
மை சொட்டிவிட்டது.
அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

குழந்தையிலேயே உனக்கு முழுக்காட்டினார்களே,
அது போதாதா?
அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.
தூங்குகிறவள் விரலைப் பிடித்து
பத்திரத்தில் ரேகை வைத்தால்
உங்கள் கோர்ட்டில் செல்லுமா?

இதை எழுத வேண்டாம் என்று
கை அசைத்தார் நீதிபதி.
எழுதவில்லை.

மறுநாள் அவள் அண்ணன் ஹில்லெபிராண்ட் வந்தான்.
தங்கையைத் தலைமுழுகிவிட்டதாகக்
கையொப்பமிட்டுப் போனான்,
சட்டை நனையாமல்.

இரவு சாட்சிக்கு நின்றது நான்.
கைகள் முழங்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தன.
இரண்டு பேர் தூக்கினார்கள்.
மோர்க்குடத்தை இறக்குவதுபோல, பதனமாக.
ஏனோ அந்தப் பதனம்தான் பொறுக்க முடியவில்லை.
விளிம்பைத் தாண்டிய தண்ணீர்
கல்தரையில் ஓடி என் செருப்பு வரை வந்தது.
காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.
அன்றிரவு நான் செய்தது
அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு ஞானஸ்நானம்.
பிறந்து எட்டு நாள்.
ஒரு சிப்பி கொள்ளும் தண்ணீர்
நெற்றியில் விழுந்து காதோரம் வழிந்தது.
அவன் விழிக்கவில்லை.
நல்ல சகுனம் என்றாள் ஞானத்தாய்.

வீடு திரும்பி அவன் வெள்ளுடையை மடிக்கும்போது
பெட்ரொனெல்லா சொன்னாள்:
இதை வெளுத்தவளுக்கு இன்னும் மூன்று ஸ்டைவர்
கொடுக்க —
பாதியில் நிறுத்தினாள்.
துணியை முகர்ந்து பார்த்தேன்.
லேசாக மோர் வாசம்.

பதினான்கு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
செத்தவளுக்குத் தர வேண்டியதை
எந்தப் பத்தியில் எழுதுவது என்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
அவளுக்கு ஒரு மகள், டிக்னா, ஒன்பது வயது,
அனாதை விடுதியில் கம்பளி சிக்கெடுக்கிறாள்.
என் பையிலிருந்து கொடுத்தால்
ஏன் கொடுத்தாய் என்பார்கள்.
எனவே நான்கு முழத்தைப் பத்து முழமாக்கினேன்.
முழத்துக்கு அரை ஸ்டைவர்.
மிச்சம் மூன்றையும் விடுதி வாசலில்
ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.
பெயர் கேட்டார்கள்.
கேட்காதது போல நடந்தேன்.

தணிக்கைக்காரர் விரல் அந்த வரியில் நின்றது.
ஒரு பெண்ணுக்குப் பத்து முழமா?

திமிறினாள், என்றேன்.

சிரித்தார். சரி என்று குறியிட்டார்.

அவள் திமிறவில்லை.

மார்ச் மாதம் பீப்பாயை
மீன்காரனுக்கே திருப்பி விற்றோம்.
வரவு, நான்கு ஸ்டைவர்.
அது தவக்காலம்.
நகரம் முழுவதும் இறைச்சி விலக்கி
ஹெர்ரிங் தின்றுகொண்டிருந்தது.
எங்கள் வீட்டிலும்.