பதினோரு டிகிரி

நான் எதிர்த்துக் கை தூக்கியவன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
வருகிறவர்களுக்கெல்லாம் இந்தச் சீஸைப்
பெருமையாக நறுக்கிக் கொடுப்பவனும் நான்தான் என்பதால்.

அஸ்தூரியாஸ் மலைகளுக்குள் எங்கள் பள்ளத்தாக்கு.
நிலக்கரிச் சுரங்கம் மூடிய மார்ச்சில்
முதலில் நின்றது பேருந்து.
பிறகு ரொட்டிக்கடை. பிறகு பல் மருத்துவர்.
பிறகு பள்ளிக்கூடம்;
ஏழு பிள்ளைகளுக்கு மணி அடிப்பது செலவாம்.

தலைநகரிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள்.
ஊரில் என்னென்ன இல்லை என்ற பட்டியல்
இரண்டு பக்கம் ஓடியது.
எங்கோ வளர்ந்த தொழிற்சாலையை
வேர்மண்கூட இல்லாமல் பிடுங்கி வந்து
எங்கள் கால்பந்துத் திடலில் நடச் சொன்னார்கள்.
தலையாட்டினோம்.
பசித்தவன் பந்தியில் உப்பு பார்ப்பதில்லை.

அப்போது தெல்வினா எழுந்தாள்.
விளக்கறையில் இருபத்தாறு வருடம் இருந்தவள்.
இறங்குகிறவனிடம் பித்தளை வில்லையை வாங்கி
அவனுடைய ஆணியில் மாட்டுவாள், விளக்கைத் தருவாள்.
ஏறி வந்ததும் விளக்கை வாங்கி, வில்லையைத் தருவாள்.
"ஏறியாச்சு" என்பாள், ஒவ்வொருவனுக்கும்.
இரவில் ஆணியில் ஒரு வில்லை மிஞ்சினால்
ஊர் தூங்காது.

அவள் கையில் பதினாறு நோட்டுகள்.
இரண்டாம் மட்டத்தின் வெப்பமும் ஈரமும்,
காலையும் மாலையும்.
ஆகஸ்டில் பதினொன்று.
பனி கொட்டிய ஜனவரியில் பதினொன்று.
"இல்லாததை எழுதிவிட்டீர்கள்.
இது இருக்கிறது."
"குளிரா?" என்று யாரோ சிரித்தார்கள்.
யாரோ என்ன, நான்தான்.

மேலே மேய்கிற மாடுகள் எங்களுடையவை.
பாலை லாரி அள்ளிப் போகும், அவர்கள் சொன்னதே விலை.
வேறு பெயரில் டப்பாவில் திரும்பி வரும்,
அதையும் நாங்களே வாங்குவோம்.
அவள் சொன்ன கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை.
ஆனால் அதே இரண்டாம் மட்டத்தில், மூன்றாவது வளைவில்,
என் தம்பி ஒலெகாரியோ.
வில்லை எண் 214.
அந்த இருட்டிலா தின்பண்டம் அடுக்குவது?

அவளுக்கு முப்பத்தொரு கைகள்.
எங்களுக்கு இருபத்தெட்டு.

முதல் நாற்பது வட்டுகளும் பாழ்.
சாம்பல் பூத்து, தார் வாடை அடித்து,
பன்றிகள்கூட யோசித்துத்தான் தின்றன.
உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்.
பிறகு ஷுவாக்கு வந்து காற்றுக்கதவைத் தொட்டான்.
இருபது வருடம் எங்களை மூச்சுவிட வைத்தவன்
சீஸுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று
மூன்றே மாதத்தில் கண்டுபிடித்தான்.
தண்டவாளம் இருந்தது. தள்ளுவண்டி இருந்தது.
குனியத் தெரிந்த முதுகுகள் நிறைய இருந்தன.

மாத்ரிதிலிருந்து ஒருவர் வந்தார்.
ஐந்து வருடத்துக்கு மொத்தமும் அவருக்கே,
நல்ல விலை, பெயர் மட்டும் அவருடையது.
எல்லோருக்கும் பால் லாரி ஞாபகம் வந்தது.
அன்று எதிர்த்து நான் தூக்கிய கை
முதல்முறையாகத் தனியாக இல்லை.

கீழே போகும் ஒவ்வொரு வட்டுக்கும்
பழைய வில்லை ஒன்றை ஆணியில் மாட்டும் வழக்கம் வந்தது.
214 என் சட்டைப்பையில் இருந்தது.
உப்புத் தடவிக்கொண்டிருந்த எலோயினா,
தம்பியின் மனைவி,
ஈரக் கையை நீட்டினாள்.
"கொடு. அவர் கீழே போனதும் சம்பளத்துக்குத்தான்."

ஊர் பிழைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
பதினான்கு பேருக்கு வேலை.
பேருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிறது.
பல் வலித்தால் இன்னும் மலை இறங்க வேண்டும்.
என் மகன் ஹாம்பர்கில்தான் இருக்கிறான்,
சீஸ் அனுப்பினால் ருசி நன்று என்று எழுதுகிறான்.

எட்டு மாதம் கழித்து, நேற்று,
தள்ளுவண்டி மேலே வந்தது.
தெல்வினா ஒரு வில்லையைக் கழற்றி,
பார்க்காததுபோல் எண்ணைப் பார்த்து,
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"ஏறியாச்சு."

ஆணி காலியாக இருந்தது.
நான் கத்தியைத் தேடினேன்.