எதிர்தரப்பினர் ஒன்று

கம்பெனிக்காக நான் ஆஜராகிறேன்.
சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார்.
பார்க் டவுனில் இந்த நுகர்வோர் ஆணையத்துக்கு
நான் போதும்,
வாய்தா கேட்டுத் தேய்ந்த குரலும்
இரவல் கழுத்துப்பட்டையும்.

மே மாதம்.
கூடத்தில் மூன்று மின்விசிறிகள்.
சுற்றுவது ஒன்று,
அதுவும் தலைவருக்கு நேர்மேலே.

மனுதாரர் ரெஜினா செல்வராணி, புளியந்தோப்பு.
வக்கீல் வைக்கவில்லை.
ரெக்சின் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறது:
இரவு 1.47க்கு எடுத்த ஸ்கிரீன்ஷாட்,
கலர் பிரிண்ட், பக்கம் பத்து ரூபாய்,
கசங்காமலிருக்க லேமினேஷன் வேறு.
ஒன்றரை டன் ஏசி. விலை 2,899.
கீழே பச்சை எழுத்தில்
வாழ்த்துகள், உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது.
காலை பதினொன்றுக்கு வந்தது இன்னொன்று:
தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து.
காரணம் என்னவென்று
அதில் இல்லை.

எங்கள் பதிலுரை பதினான்கு பக்கம்.
மூன்றாம் பத்தியை எழுதியவள் நான்.
கடைசிப் பூஜ்யம் விடுபட்டது கணினிப் பிழை.
விலை போட்டது வெறும் அழைப்பு, வாக்கு ஆகாது.
பணம் மூன்றே நாளில் திரும்பிவிட்டபடியால்
நஷ்டம் ஏதுமில்லை.
மேலும் மனுதாரர் கேட்டது இரண்டு ஏசி.
எனவே அவர் நுகர்வோரே அல்ல,
வியாபாரி.

"ஒண்ணு எனக்குங்க.
ஒண்ணு மாடி வீட்டு ஷமீமுக்கு.
அவகிட்ட கார்டு இல்ல.
இதுல என்னங்க வியாபாரம்?"

பிறகு பதிலுரையைப் புரட்டி
என் பத்தியில் விரல் வைக்கிறார்.
"அழைப்புன்னு போட்டிருக்காங்க.
பந்தியில உக்கார வச்சு,
தண்ணி தெளிச்சு, மொய்யும் வாங்கிக்கிட்டு
இலைய உருவினா
அதுக்குப் பேரு அழைப்பாய்யா?"

பெண் உறுப்பினர் குனிந்து
பேனா மூடியைத் தேடுகிறார்.
மூடி பேனாவில்தான் இருக்கிறது.

நஷ்டம் எவ்வளவு என்று கேட்கிறார் தலைவர்.
"முன்னூத்தம்பது."
கூடமே திரும்பிப் பார்க்கிறது.
ஏசி வருதுன்னு நம்பி
காலையில எட்டு மணிக்கே
பழைய ஏர்கூலரைக் காயலான் கடையில போட்டுட்டேன்.
ஓடிக்கிட்டிருந்த கூலருங்க.
மறுபடி போய்க் கேட்டா
அதுக்குள்ள பிரிச்சுட்டான்.

"ரசீது?"

காயலான் கடையில ரசீது ஏதுங்க.

நான் எழுந்து
ஆவணம் இல்லாத கோரிக்கை என்று ஆட்சேபிக்கிறேன்.
குறித்துக்கொள்கிறார்கள்.

குறித்துக்கொள்ளாத ஒன்று உண்டு.
அதே இரவு, 2.05 மணி,
வேளச்சேரியில் ஓட்டுக் கொதிப்பு இறங்காத மொட்டைமாடி அறையில்
நானும் ஓர் ஏசி வாங்கினேன்.
அதே பச்சை எழுத்து. அதே வாழ்த்துகள்.
காலையில் அதே தவிர்க்க முடியாத காரணங்கள்.
கோபம் வந்தது. குளித்தேன்.
நாலு நாள் கழித்து இந்தக் கட்டு கைக்கு வந்தது.
நஷ்டம் ஏதுமில்லை என்று தட்டச்சு செய்கையில்
மோவாயிலிருந்து வியர்வை
ஸ்பேஸ் பாரில் சொட்டியது.
அதற்கும் ரசீது இல்லை.
சீனியரிடம் சொல்லவில்லை.
இரண்டு மாசச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறார்,
அதைக் கேட்கவே நல்ல நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆர்டருக்காக ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வெயில் தாரை இளக்குகிறது.
சென்ட்ரல் சுரங்கப்பாதை வரை
இருவருக்கும் ஒரே வழி.
எதிர்தரப்பு என்று ஒதுங்கி நடக்க
நிழல் அவ்வளவு அகலமில்லை.

"மேடம், ஆர்டர் எப்போ வரும்?"
ஒரு மாசம் ஆகலாம்.
"வந்தப்புறம் கேன்சல் பண்ண மாட்டாங்களே?"
அப்பீல் போவாங்க என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அப்பீல் மனுவுக்கான குறிப்பு
ஏற்கனவே என் பையில்.

அவர் சிரித்தார்.
பையில் மிஞ்சியிருந்த இன்னொரு பிரதியை,
ஏசி படம் பளபளக்கும் அந்த லேமினேஷன் தாளை எடுத்து
விசிறிக்கொண்டே நடந்தார்.

கொஞ்சம் காற்று
என் பக்கமும் வந்தது.