இடது கால்

எங்கள் பக்கம் கேப்டன் என்று
எங்களுக்குத் தெரிந்தது கால்வாய் மட்டும்தான்.
கேப்டன் காட்டன் கால்வாய்.
யார் சொல்லியும் நகராத கறுப்புத் தண்ணீர்.
அதன் கரையில், வியாசர்பாடியில்,
மாநகராட்சிப் பள்ளி மாடியில்
ஆறிலிருந்து எட்டுவரை சமுதாயக் கல்லூரி.

ரசீதில் இரண்டு பாடங்கள் அச்சிட்டிருக்கும்:
படைத்தலைமை, முதல் நிலை.
இசை, வாத்தியப் பிரிவு.
வேண்டியதில் டிக் அடிக்க வேண்டும்.
அறை ஒன்று, கரும்பலகையும் ஒன்று.
நடுவே சாக்பீஸ் கோடு கிழித்து
இந்தப் பக்கம் தலைவரின் பண்புகள் பதினான்கு,
அந்தப் பக்கம்
ஐந்து கம்பிகளில் தொங்கும் தலைப்பிரட்டைகள்.
ஒருநாள் பதினோராவது பண்பின் மேல்
ஒரு தலைப்பிரட்டை ஏறி உட்கார்ந்திருந்தது.
யாரும் அழிக்கவில்லை.

நான் படைத்தலைமை.
பகலில் எம்.சி. ரோட்டில் சேலைக் கடை.
எட்டரையிலிருந்து ஐந்துவரை நிற்பவளுக்கு
நிற்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.
ஆனால் 'விஸ்ராம்' என்று ஒருவர்
உரக்கச் சொல்லி, காலை அகற்றி நிற்கவிட்டது
இங்கேதான்.
அதற்கே நானூறு ரூபாய் கட்டலாம்.

இந்தி தெரியாத முப்பது பேர்
இந்தியில் திரும்பினோம், நடந்தோம், நின்றோம்.
'பீச்சே முட்' என்றால் எங்களுக்கு
பீச்சைப் பார்த்துத் திரும்பு.
மேற்கே பார்த்து நின்றவரைக்கும்
தப்பே வரவில்லை.

நடக்கச் சொல்லும் கட்டளைக்கு இரண்டு பாதி.
'தேஸ்' எச்சரிக்கை.
'ச்சல்' என்றால் இடது கால் எழ வேண்டும்.
நடுவில் எவ்வளவு நேரம் விடுவதென்று
நோட்ஸில் போடவில்லை.

செய்முறைத் தேர்வு ஒரு சனிக்கிழமை.
ஆளுக்கு மூன்று நிமிடம் அணியை நடத்த வேண்டும்.
மைதானத்தில் நாங்கள்.
மாடி வராந்தாவில் இசைக்காரர்கள்,
அவர்களுக்கும் அன்றைக்கே தேர்வு.
ஆவடியிலிருந்து வந்த தேர்வாளர்
நாற்காலியைத் தள்ளிவிட்டு
நின்றபடியே குறித்தார்.

ஏழாவதாக செலஸ்டினா.
காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவள்.
ஏலக்காரர் வாய்க்கு ஈடு கொடுக்கும் கை.
அவள் வாய்தான் சில எழுத்துகளில் நின்றுவிடும்.
'ச்ச' அதில் ஒன்று.

'தேஸ்' என்றாள்.
கால்வாய்வரை கேட்டிருக்கும்.
இருபத்தொன்பது பேரின் எடையும்
வலது காலுக்கு மாறியது.
பிறகு

ஒன்றும் வரவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது.
தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி
பெட்டி பெட்டியாகப் போனது. எண்ணினேன், பதினெட்டு.
யாரும் சிரிக்கவில்லை, முந்தவும் இல்லை.
உதடு திறக்காமல் அவளுக்காக
என் நாக்கை அண்ணத்தில் வைத்துத் தள்ளினேன்.
தானும் அப்படித்தான் செய்ததாக
பல்கீஸ் பிறகு சொன்னாள்.

மேலே வராந்தாவில்
டிரம்மின் தோலை இறுக்கிக்கொண்டிருந்த இம்தியாஸ்
போதுமா என்று பார்க்க
ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.

இருபத்தொன்பது இடது கால்கள்.

செலஸ்டினா ஓரமாக ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.
ஏக், தோ, ஏக். எல்லாம் வந்தது.
'தம்' என்று நிறுத்தியபோது
எங்கள் தூசிதான் கொஞ்சம் தாமதமாக நின்றது.

பட்டியல் ஒட்டிய அன்று பார்த்தோம்.
குறிப்பு: கட்டளை முழுமையாகத் தரப்படவில்லை.
அணி நடந்தது.
ஐம்பதுக்கு இருபத்தாறு.

இம்தியாஸைக் கேட்டால்
'நானா? எப்போ?' என்றான்.
அவன் தேர்வில் தோற்றிருந்தான்.
ஓய்வுக் குறி வரும் இடங்களில்
காத்திருக்காமல் அடித்துவிடுகிறானாம்.

அடுத்த பருவத்துக்கு செலஸ்டினா
மற்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறாள்.
டிராம்போனாம்.

எனக்குக் கடையில்தான் தொந்தரவு.
மேலாளர் கையை நீட்டி
'அந்த...' என்று சேலையின் பெயர் மறந்து நிற்பார்.
அலமாரிப் பக்கம் இன்னும் திரும்பக்கூட இல்லை,
அதற்குள் என் எடை முழுக்க
வலது காலில்.