மூன்றாம் முறை அதே பாறை

பள்ளத்தூரில் ஊருணி வற்றிக் கிடந்த மாசியில்
அதன் வயிற்றிலேயே கொட்டகை போட்டோம்.
தரை அரையணா. பெஞ்சு ரெண்டணா. நாற்காலி எட்டணா.
படத்தில் மொத்தம் ஒரே குதிரைதான்.
துரத்துகிறவன் தொடைக்கு நடுவிலும்
தப்புகிறவன் தொடைக்கு நடுவிலும்
அதே வெள்ளை நெற்றி.
எனக்கும் ஆபரேட்டர் சவரிமுத்துவுக்கும் மட்டும் தெரியும்.
திமில் மாதிரி ஒரு பாறை
மூன்று தரம் வலமிருந்து இடமாய்ப் போகும்.
தகரக் குழாயில் நான் கத்துவேன்:
"இதோ, மூணாவது மலையும் தாண்டிட்டான்!"

அவர்கள் பேச ஆரம்பித்தால்
சவரிமுத்து சத்தத்தைக் குறைப்பான், நான் பேசுவேன்.
என் இங்கிலீஷ் மூன்றாம் பாரத்தோடு நின்றது;
அவர்களுடையது மூக்கால் வந்தது.

சிக்கல் வில்லனால்.
மெழுகு மீசை, சங்கிலிக் கடிகாரம், சொந்தமாய் பேங்கு.
விதவையின் மாட்டுப் பண்ணை அவனிடம் அடமானம்,
வெள்ளிக்குள் கட்டாவிட்டால் பண்ணை அவனுக்கு.
முதலாளி காதருகே வந்தார்:
"நாற்காலியைப் பார்த்துப் பேசுய்யா."
நாற்காலியில் பியாப்போன், மோல்மேன், பினாங்கு.
அவனை மாட்டுத் திருடன் ஆக்கினேன்.

இரண்டாம் நாள்
தரையில் மொச்சை விற்கிற ராக்காயி கேட்டாள்:
"திருடன் எதுக்கு எழுதி வாங்குறான்?"
திரை முழுக்கக் காகிதம்.
காதல் கடுதாசி என்றேன்.
பெஞ்சில் ஒருவன் எழுந்தான்,
பியாப்போனில் மூன்று கணக்கு அடுத்தாளாய் இருந்து
போன மாதக் கப்பலில் திரும்பிய பெத்தபெருமாள்.
"அது அடமானப் பத்திரம்.
நான் எழுதியிருக்கேன், இதே மாதிரி, நெல்லு வயலுக்கு."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு கதாநாயகன் குத்துவிட்டான்.
தரை விசிலடித்தது.
நாற்காலியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஆட்டம் முடிந்து நாச்சியப்ப செட்டியார் நின்றார்.
"அவ வாங்குன அசல் எவ்வளவு?"
தெரியாது ஐயா.
"அசல் தெரியாம ஒருத்தனை அடிக்கலாமா?"

மறுநாளும் வந்தார், கண்ணாடி துடைத்துக்கொண்டு.
காகிதம் வந்ததும் கையைத் தூக்கினார்: "நிறுத்து."
நிறுத்தினால் எரிந்துபோகும் என்றான் சவரிமுத்து.
முதலாளி சாடை காட்டினார். நிறுத்தினான்.

ரெண்டு நொடி இருக்கும்.
பத்திரத்தின் நடுவில் ஒரு பழுப்புக் கொப்புளம்,
தொகை எழுதியிருந்த இடத்தில்தான்,
விரிந்து, வெடித்து, வெள்ளையாகி—
சவரிமுத்து மணல் வாளியோடு பாய்ந்தான்.
தரை எழுந்து நின்று ஆரவாரித்தது.
பத்திரத்தை எரித்தது கதாநாயகன் என்று
நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

வெட்டி ஒட்டியதில் நாலு சாண் போனது.
கருகிய துண்டைப் பெத்தபெருமாள் கேட்டு வாங்கி
பெட்ரோமாக்ஸ் பக்கம் பிடித்து
ஒவ்வொரு கட்டமாய் நெடுநேரம் பார்த்தான்.
என்ன தெரிந்தது என்று கேட்டேன்.
"கையெழுத்து," என்றான். "பொம்பளை கை."

அடுத்து புதுவயல்.
அங்கே காகிதமே கிடையாது.
அவன் வெறும் மாட்டுத் திருடன்,
நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை,
பாறையைத் தவிர.